ஏழாம் எண்ணில் இருந்தவர்

கிரீன் கார்டுக்காக ஒரு வீடு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்த வருடங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் நியூ ஜெர்சியில் வளர்ந்த நாம் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். வக்கீலிடமிருந்து கடிதம் வந்த நாளில் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது, பள்ளியில் யாரோடாவது சண்டை போட்டால்கூட ‘கார்டு வராது பாரு’ என்று அம்மா மிரட்டியது எல்லாம் நம் எல்லார் வீட்டிலும் நடந்தவைதான். நான் எழுதப்போவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது. அம்மாவின் சமையலறை நாட்காட்டி, அப்பாவின் கோப்புகள், என் ஆறாம் வகுப்புக் குறிப்பேடு ஆகிய மூன்றும் ஒத்துப்போகிற இடங்களில் மட்டும் மாதத்தைச் சொல்கிறேன்.

1986 ஜனவரி. விண்கலம் வெடித்ததைப் பள்ளியில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் பார்த்தோமே, அந்த வாரம். வெஸ்ட் வின்ட்சரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்கு எண்பது வயது. ஃபின்லாந்தில் ஏதோ ஓர் ஏரிக்கரை ஊரில் பிறந்து, பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி, நியூயார்க்கில் பெரிய வீடுகளில் நாற்பது வருடம் சமையல் வேலை பார்த்தவர். கணவர் இறந்துவிட்டார். மகன் கலிஃபோர்னியாவில் இருந்தார். கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணுவார். நாங்கள் அவரை ஃபின்லாந்து ஆன்ட்டி என்போம். அப்பாவும் அம்மாவும் மேடம் என்பார்கள்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஏலக்காயால்தான். நாங்கள் குடிவந்த மாதம் அவர் ஜன்னல் வழியாக ஏலக்காய் வாசனை வர, அம்மா வேலியோரம் போய் நின்றுவிட்டார். யாரோ நம்மவர்கள் பாயசம் வைக்கிறார்கள் என்று நினைத்தாராம். பார்த்தால், பின்னல் போலத் திரித்த ஒரு ரொட்டி. காப்பியோடு சாப்பிட அவர்கள் ஊரில் சுடுவது அது. அன்றிலிருந்து ஆன்ட்டிக்கு ஏலக்காய் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று. அவர் வீட்டுக் கூடத்தில் கறுத்துப்போன செம்புக் காப்பிப் பாத்திரமும், கொல்லையில் மரப்பெட்டி போன்ற வெந்நீராவிக் குளியல் அறையும் இருந்தன. சனிக்கிழமை மாலைகளில் அதிலிருந்து பிர்ச் விறகின் புகை வரும்.

நோட்டின் விஷயம் இதுதான். ஆன்ட்டி பிறந்த ஊர் ஒரு சிறிய ஊராட்சி. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட அங்கே ஒரு குழு அமைத்திருந்தார்கள். வெளிநாடு போன ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த குறிப்பிடத்தக்க மனிதர்களைப் பற்றி எழுதி அனுப்பலாம், ஃபின்னிஷ், ஆங்கிலம் எதிலும் இருக்கலாம், தட்டச்சில் வேண்டும், மார்ச் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். ஆன்ட்டி பல வருடங்களுக்கு முன்பே தன் பேரப்பிள்ளைகளுக்காக இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது அவர் கண்ணின் நடுப்பகுதி முழுக்க இருட்டு. ஆள் வருவது தெரியும், எழுத்து தெரியாது.

“உங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கிறதாமே” என்று அப்பாவிடம் கேட்டார். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தருகிறேன். “எட்டுப் பேர்தான். எட்டுப் பேரும் அந்தப் புத்தகத்தில் வரவேண்டும். குறிப்பாக ஏழாவது ஆள்.”

அப்பா தொலைபேசி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எஞ்சினியர். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு நான்கு வருடமாக ஆசிரியர். இந்த மாதிரி வேலை என்றால் அவருக்கு அல்வா. உடனே ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். முதல் எண்ணில் ஒரு பாதிரியார்: எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து ஊரையே வாசிக்க வைத்தவர். இரண்டாவது, தேவாலய மணிக்கு நாக்கு அடித்துக் கொடுத்த கொல்லர். மூன்றாவது, தார் காய்ச்சிப் படகில் கடற்கரைக்குக் கொண்டுபோய் விற்று, ஊருக்கு முதல் கடிகாரத்தை வாங்கி வந்தவர். நான்காவது, பெரும் பஞ்சத்தில் பைன் மரப்பட்டையை மாவோடு அரைத்து ரொட்டி சுட்டு, வழிப்போக்கர்களுக்குக் கொடுத்த ஒரு விதவை. ஐந்தாவது, குளியல் அறையில் கொம்பு வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கிற கிழவி.

“ரத்தம் எடுக்கிறவங்க எல்லாம் லிஸ்ட்லயா?” என்றார் அம்மா.

“பாரேன். இவங்க ஊர்ல ஒரு கலெக்டர் கூட இல்ல போல” என்றார் அப்பா. “எட்டாவதா ஒருத்தர் வரார், முதன்முதல்ல யுனிவர்சிட்டி போனவர். அவரைத்தானே முதல்ல போடணும்? வரிசையே தெரியல.”

மறுநாள் ஆன்ட்டியிடம் அதைச் சொல்லியும் பார்த்தார். ஆன்ட்டி சிரித்தார். “அவர் போனார். திரும்பி வரவே இல்லை. எட்டிலேயே இருக்கட்டும்.”

ஆறாம் எண்ணில் இருந்தவர் ஊரின் பெரிய நிலக்காரர். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். ஏழாம் எண்ணில் இருந்தவர் ஆன்ட்டியின் அக்கா.

அந்தப் பத்தியை அப்பா அன்று சத்தமாக வாசிக்கவில்லை. தனக்குள் வாசித்துவிட்டு நோட்டை மூடினார். எனக்கு அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அக்கா மர அறுவை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1918இல் அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. தொழிலாளிகள் பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் வெள்ளை. அக்கா கால்சட்டை மாட்டிக்கொண்டு சிவப்புப் படையில் சேர்ந்தார். போர் தோற்றது. வெள்ளைப் படைக்காரர்கள் அவரை நிலக்காரரின் களஞ்சியத்தில் விசாரித்து, சதுப்புக்காட்டு ஓரத்தில் சுட்டார்கள். வயது பதினேழு. புதைத்த இடத்தில் பெயர் கிடையாது. தேவாலயப் பதிவேட்டில் எப்படி இறந்தார் என்று எழுதவில்லை. ஊரில் அப்புறம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் அவர்களுடைய தாயும் சொல்லவில்லை. ஆன்ட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அக்காவைச் சுட்ட நாளில் களஞ்சிய வாசலில் நின்றவரைத்தான் ஆன்ட்டி ஆறாம் எண்ணில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தது உண்மை, அதனால் அதையும் எழுதினேன் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். எனக்கு வரலாறு எழுதுகிற ஆசை பிற்காலத்தில் வந்தது. அந்த நேர்மை இன்னும் எனக்கு வரவில்லை.

அப்பா ஆபீஸில் எட்டுப் பேரையும் தட்டச்சு செய்து, ஓரத்தில் துளைப்பட்டி ஒட்டிக்கொண்டிருந்த நீளக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டுதான் வந்தார். அது மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அம்மா சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, இதுல ரெட்னு போட்டிருக்குதே” என்றார் அம்மா, தாளைப் பார்த்துவிட்டு.

“ஆமா. ரெட் கார்ட். சிவப்புப் படை.”

“இன்டர்வியூ எப்பன்னு வக்கீல் சொன்னார்?”

“ஏப்ரல் கடைசின்னார்.” அப்பா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “ஃபார்ம்லயே கேக்கறான். கம்யூனிஸ்ட் பார்ட்டில மெம்பரா, அஃபிலியேட்டட்டான்னு.”

“நீங்க டைப்தானே பண்ணிக் குடுத்தீங்க.”

“ஆபீஸ் மெஷின்ல பண்ணிருக்கேன். டிஸ்க்ல இருக்கும். கவர்ல நம்ம வீட்டு அட்ரஸ் போகும், ஃபின்லாந்துக்கு. அந்தப் பக்கம் ரஷ்யா. எவனாவது பிரிச்சுப் பாத்தான்னா? ஏற்கனவே அண்ணன் விஷயம் வேற.”

அண்ணன் என்றது என் பெரியப்பாவை. கோயம்புத்தூரில் மில் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர், கட்சி அட்டை வைத்திருந்தவர். மாதம் ஒரு நீல வான்கடிதம் எழுதுவார். கடைசியில் ‘தோழமையுடன்’ என்று போட்டுக் கையெழுத்து. முந்தைய வருடமே அப்பா அவருக்கு, கார்டு வரும்வரை எழுத வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். அதன் பிறகும் வந்த கடிதங்களை அம்மா கிழித்துக் குப்பையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப அந்தம்மாகிட்ட சொல்லிருங்க, முடியாதுன்னு” என்றார் அம்மா.

“எப்படிச் சொல்றது? அழுதுருவாங்க. அதுவுமில்லாம ஒரு மலர்ல இதையெல்லாம் யார் போடுவா சொல்லு. சுட்டான், புதைச்சான்னு. நல்ல காரியத்துக்குப் புக் போடறாங்க. அந்தக் கமிட்டியே தூக்கிடும். நான் எடுத்தா என்ன, அவங்க எடுத்தா என்ன.”

அம்மா ஒரு சட்டையை மடித்து முடித்தார். “எடுத்துருங்க” என்றார்.

அப்பா ஏழாம் எண்ணை எடுத்தார். எட்டாம் எண்ணை ஏழாக்கினார். இடையில் ஒன்று விடுபட்ட தடயமே இல்லாமல் புதிதாக அச்செடுத்தார். டிஸ்கையும் அழித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆன்ட்டி கேட்டார். நானும் அப்பாவோடு போனேன். காப்பி, ஏலக்காய் ரொட்டி. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். அப்பா தட்டச்சுத் தாள்களைக் கையில் பிடித்து ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு வந்தார். ஆறு முடிந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது: தாள்களுக்கு நடுவில் ஆன்ட்டியின் நோட்டு. அப்பா தாளை ஒதுக்கிவிட்டு நோட்டிலிருந்து வாசித்தார்.

“ஏழு. என் அக்கா. தேவாலயத்துக்குப் போகுமுன் பதினொரு மாடுகளைக் கறந்துவிடுவாள்...”

நிறுத்தி நிதானமாக, நல்ல குரலில் வாசித்தார். பொங்கல் விழாவில் வரவேற்புரை வாசிக்கிற அதே குரல். ஆன்ட்டியின் உதடுகள் கூடவே அசைந்தன. அவருக்கு அது மனப்பாடம். முடிந்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அறுபத்தெட்டு வருடம்” என்றார். “இவ்வளவு நாளில் இன்னொருவர் வாயால் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு எட்டாமவரைப் பற்றி வாசித்தார். தாளில் அவர் ஏழாமவர்.

திரும்பி வரும்போது வேலியருகே அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பாப்பா, எதையாவது பாத்தியா?”

“நோ” என்றேன்.

“குட்” என்றார்.

உறை போயிற்று. அனுப்புநர் முகவரியில் அப்பா எங்கள் வீட்டை எழுதவில்லை, ஆன்ட்டி வீட்டைத்தான் எழுதினார்.

நேர்காணல் ஏப்ரல் கடைசியில் நடந்தது, செர்னோபில் செய்தி வந்த அதே வாரம். மழையோடு கதிர்வீச்சு தன் ஊர் ஏரிகளில் இறங்கியிருக்குமோ என்று ஆன்ட்டி ரேடியோவை விட்டு நகராமல் இருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதைக் கேட்க நேரமில்லை. அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்த அதிகாரி கைரேகைத் தாளைப் பார்த்தார், பிறந்த தேதிகளைக் கேட்டார், நியூ ஜெர்சி குளிர் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. நாங்கள் உள்ளே இருந்தது பத்து நிமிடம்கூட இராது. ஜூலையில் கார்டுகள் வந்தன. அம்மா அவற்றைச் சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டார்.

அந்தக் கோடை முழுக்க ஆன்ட்டி நன்றாக இருந்தார். அடுத்த ஜூனில், நடுக்கோடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதென்று முடிவெடுத்தார். கப்பலேறியபின் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. அக்கா பெயரைப் போட்டுவிட்டார்கள் என்றால் போவேன், இல்லையென்றால் எதற்கு என்பார். போடுவார்கள் என்று நம்பி டிக்கெட் வாங்கினார். கரும்பச்சை நிறத்தில் புதுப் பெட்டி ஒன்று அவர் படுக்கையில் திறந்தபடி கிடந்தது. ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், கம்பளிக் கையுறைகள், சோப்புகள், காப்பித்தூள் டப்பாக்கள் என்று அதில் சேர்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பரில் புத்தகம் வந்தது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய நாள், பள்ளி பாதி நாளில் முடிந்துவிட்டது. ஆன்ட்டி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். மேஜையில் சாம்பல் நிறக் கெட்டி அட்டை, நானூறு பக்கத்துக்குக் குறையாது. நல்ல மையின் வாசனை. முழுக்க ஃபின்னிஷ்.

“உனக்கு அந்தப் பாஷை தெரிய வேண்டாம்” என்றார். “பெயர் மட்டும் கண்டுபிடித்தால் போதும்.” ஒரு காகிதத்தில் அக்காவின் பெயரைப் பெரிய எழுத்தில், தட்டுத்தடுமாறி எழுதிக் கொடுத்தார். “கண்டுபிடித்ததும் என் விரலை எடுத்து அதன்மேல் வை.”

நான் தேடினேன். இருக்காது என்று தெரிந்தே தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். தேவாலயப் படம், படகுகள் படம், நிலக்காரரின் முழுப் பக்கப் படம். அவசரமாக முடித்தால் சந்தேகம் வரும் என்று மெதுவாகப் புரட்டினேன். ஆன்ட்டியின் பெயர் இருந்த பக்கம் வந்தது. அவர் அனுப்பியதாக ஏழு பத்திகள், ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிட்டு. அதையும் கடந்து புரட்டினேன். அவர் சுட்டுவிரலை நீட்டியபடியே மேஜையில் வைத்திருந்தார்.

“இட்ஸ் நாட் ஹியர்” என்றேன்.

“இன்னொரு தடவை பார்.”

இன்னொரு தடவை பார்த்தேன். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னார். என் அப்பா அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கார்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. புத்தகத்தை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் போல இரண்டு பக்கம் பார்த்தார்.

“கமிட்டி எடுத்திருக்கும், மேடம்” என்றார். “எந்த ஊரிலும் கமிட்டி இப்படித்தான். நான் மலர் போடுகிறவன், எனக்குத் தெரியும்.”

“ஆமாம்” என்றார் ஆன்ட்டி. “அவர்கள் மாற மாட்டார்கள். ஒருமுறை சுட்டார்கள். இப்போது இன்னொருமுறை.”

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். “எடுத்துக்கொண்டு போ. இந்த வீட்டில் வேண்டாம்.”

டிக்கெட்டை ரத்து செய்தார். டிசம்பரில் பெட்டியைக் காலி செய்து அம்மாவிடம் கொடுத்தார். இனி எனக்கு எதற்கு, நீங்கள் இந்தியா போகும்போது உதவும் என்றார். அம்மா வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். 1987 ஜூனில், அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டிய மாதத்தில், அந்தக் கரும்பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கோயம்புத்தூர் போனோம். பெரியப்பா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார்.

“என்னடா தம்பி, என்ற கடுதாசி எல்லாம் கடல்ல உளுந்துருச்சா?” என்று அப்பாவைக் கேட்டுச் சிரித்தார். பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆன்ட்டி 1988 குளிர்காலத்தில் இறந்தார். கடைசி வருடத்தில் அவர் தன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி சுடுவதையும் விட்டுவிட்டார். ரேடியோவில் அந்த நாட்டின் பெயர் வந்தால் அணைத்துவிடுவார். மகன் வந்து நியூ ஜெர்சியிலேயே அடக்கம் செய்து, வீட்டை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர்கள் குளியல் அறையை இடித்தார்கள்.

அப்பா போன பிறகு அவர் கோப்புகளைப் பிரித்தேன். வரி, வக்கீல், பொங்கல் மலர்கள். அவற்றின் அடியில் ஆன்ட்டியின் நோட்டு. ஏழாம் பத்தியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தார். அழிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஏன் வைத்திருந்தார் என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் சாம்பல் நிறப் புத்தகம் என்னிடம் இருந்தது. கூலி கொடுத்து முன்னுரையை மொழிபெயர்க்கச் சொன்னேன். மூன்றாம் பத்தியில் குழு எழுதியிருந்தது: வெளிநாடுகளிலிருந்து வந்த குறிப்புகளில் ஒரு சொல்லையும் நாங்கள் நீக்கவில்லை, 1918 பற்றி இரு தரப்பார் எழுதியதையும் எழுதியபடியே அச்சிட்டிருக்கிறோம், இத்தனை காலம் பேசாமல் இருந்தது போதும். அதே புத்தகத்தில், சதுப்புக்காட்டு ஓரத்தில் சுடப்பட்ட வேறு நான்கு பேரின் பெயர்கள் இருந்தன. அவர்களுடைய குடும்பங்கள் எழுதி அனுப்பியவை.

நான் அந்த ஊருக்கு எழுதினேன். அந்த ஊராட்சி இப்போது இல்லை. பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் பதில் போட்டார். புத்தகத்துக்கு மறுபதிப்பு வராது, ஆனால் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பினால் கோப்பில் சேர்க்கலாம், விடுபட்ட காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன். அப்பாவின் பெயரையும் பிறந்த ஊரையும் வேலையையும், வாசித்துக் காட்டிய மத்தியானத்தையும், நான் இரண்டு தடவை புரட்டியதையும்.

அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. கேட்டுவிட்டு வெகுநேரம் காய் நறுக்கினார்.

“அப்பா பேரையா எழுதின?”

“ஆமா.”

“அவர் பண்ணினது தப்புதான். ஆனா கார்டு வந்துச்சுல்ல?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அவங்க அதைக் கேக்கவே இல்ல.”

“கேட்டிருந்தா?” என்றார் அம்மா.

போன மாதம் ஆவணக்காரரிடமிருந்து ரசீது வந்தது. கோப்புகளுக்கு, அனுப்பியவர் அல்லது தயாரித்தவர் பெயரைத்தான் தலைப்பாகப் போடுவது அவர்கள் வழக்கமாம். ஆன்ட்டியின் பெயரில் அந்த ஏழு பத்திகளோடு ஏற்கனவே ஒரு கோப்பு முடிந்து மூடப்பட்டுவிட்டதால், இதற்குப் புதிதாக ஒன்று, தட்டச்சு செய்து தயாரித்தவர் பெயரில், திறந்திருக்கிறார்கள். அந்த ஊரின் ஆவணப் பட்டியலில் இப்போது என் அப்பாவின் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் கோயம்புத்தூர் என்ற குறிப்போடு. அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை. உள்ளே இணைப்பு, ஒரு தாள் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.